மின்சார கார் வாங்கலாமா: முதலில் போட வேண்டிய கணக்கு

மின்சார கார் என்றதும் எல்லோரும் கேட்பது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்றுதான். முதலில் பார்க்க வேண்டியது ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா என்பதை.

சொந்தக் கார் நாளில் பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கிறது, அந்த நேரத்தில் சார்ஜ் ஏறிவிட்டால் பங்க்கைத் தேடிப் போகும் வேலையே இல்லை. நடுத்தர அளவு கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 முதல் 18 யூனிட் எடுக்கும். சாதாரண 2.3 கிலோவாட் பிளக்கில் 10 மணி நேரம் போட்டால் 23 யூனிட், நடுவில் வீணாவதைக் கழித்தாலும் 100 கிலோமீட்டருக்குக் குறையாது. இப்போது ஓட்டும் வண்டியின் கிலோமீட்டர் கணக்கை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், தினசரி ஓட்டம் இதற்குள் அடங்கினால் தனிச் சார்ஜர்கூடத் தேவையில்லை. ஆனால் ஒன்று, எலக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கைப் பார்க்காமல் தொடங்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் மணிக்கணக்கில் சார்ஜ் போடுவது ஆபத்து. அடுக்குமாடியில் இருந்தால் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.

நெடுஞ்சாலைப் பயணம் வேறு கணக்கு. வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும், கடுங்குளிரிலும் தூரம் குறையும், அதனால் விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் கால் பங்கைக் கழித்தே திட்டமிடுங்கள். வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும், ஒரேயடியாக நிரப்பக் காத்திருப்பதைவிட இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது நல்லது.

பேட்டரி எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். நிக்கல் வகை என்றால் தினமும் 80 சதவீதம் போதும். இரும்பு பாஸ்பேட் வகையை அவ்வப்போது முழுதாக நிரப்பச் சொல்வார்கள், இல்லையென்றால் மிச்ச சார்ஜைக் காட்டும் அளவு பிசகும்.

சரி, கார் சொந்தமாகத்தான் இருக்க வேண்டுமா? ஆண்டுக்கு எவ்வளவு விலை இறங்கும் என்பதோடு கடன் வட்டி, காப்பீடு, பார்க்கிங் எல்லாவற்றையும் கூட்டி, உண்மையில் ஓட்டிய நாட்களால் வகுத்துப் பாருங்கள். மின்சார காருக்கு வாங்கும் செலவு அதிகம், ஓட்டும் செலவு குறைவு, ஆகவே நிறைய ஓட்டுபவருக்குத்தான் அது லாபம். எப்போதாவது எடுப்பவருக்கு, அதுவும் வீட்டில் பிளக் இல்லாதவருக்கு, வாடகைக் காரே சரி.

டிரைவர் இல்லாத டாக்சி வந்தால் சொந்தக் காரே ஒழியும் என்கிறார்கள். கூகுளின் சகோதர நிறுவனமான வேமோ 2020இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் பாரிஸில் 2011இல் தொடங்கிய ஆட்டோலிப் பகிர்வு மின்சார கார்த் திட்டம் கடனில் மூழ்கி 2018இல் மூடப்பட்டதையும் மறக்கக்கூடாது. காலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும், குழந்தை சீட்டையும் சக்கர நாற்காலியையும் வண்டிக்கு வண்டி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. வீட்டின் முதல் கார் நீடிக்கும், இரண்டாவது கார்தான் முதலில் போகும் என்பது என் கணிப்பு. இரண்டாவது வாங்கும் எண்ணம் இருந்தால் மூன்று மாதம் தள்ளிப்போட்டு, தேவைப்படும் நாளில் மட்டும் டாக்சியோ வாடகைக் காரோ எடுத்து, ரசீதுகளைக் கூட்டி, மாதத் தவணையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.