முயல் கண்காட்சிக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற இளவேனிலில் ஓஹியோவில் நடந்த ஒரு முயல் கண்காட்சியில் எனக்கு அடுத்த மேசையில் ஓர் இளைஞர் தொங்குகாதுக் குள்ள இனமான ஹாலண்ட் லாப் வகையில் அழகான முயல் ஒன்றை வைத்திருந்தார். கூண்டில் உலர்புல்லும் இல்லை, தண்ணீர்ப் புட்டியும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, நேற்று மதியத்திலிருந்து எதுவும் கொடுக்கவில்லை என்றும், அப்போதுதான் எடை நான்கு பவுண்டுக்குள் நிற்கும் என்றும் சற்றுப் பெருமையோடு சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன் என்பதால் அவரிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆயினும் கோபம் வந்தது.

நேரத்துக்குப் போவது, கூண்டைச் சுத்தமாக வைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின், அதாவது ‘ஆர்பா’வின், விதிகளின்படி நடக்கும் கண்காட்சிகளில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எடையைப் பட்டினியால் குறைக்க நினைப்பது

ஆர்பா ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் ‘ஸ்டாண்டர்ட் ஆஃப் பெர்ஃபெக்‌ஷன்’ என்னும் நூலில் ஒவ்வோர் இனத்துக்கும் எடை வரம்பு உண்டு. ஹாலண்ட் லாப்புக்கு உச்ச எடை 4 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.8 கிலோ, நெதர்லாந்து ட்வார்ஃபுக்கு 2½ பவுண்டு. இவற்றை ஓர் அவுன்ஸ், அதாவது பவுண்டில் பதினாறில் ஒரு பங்கு, தாண்டினாலும், தலையும் காதும் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், தகுதி நீக்கம்தான்.

நான் பத்து வாரக் குட்டியாக வாங்கிய ஹாலண்ட் லாப் பெண் முயல் நான்காம் மாதத்தில் தன் வகுப்பில் முதலிடம் பெற்றது. ஆறு மாதத்துக்கு உட்பட்டவை ‘ஜூனியர்’ வகுப்பில் நிற்பவை என்பதும், அந்த வயதில் இலகுவாக இருக்கும் முயல் அப்படியே நின்றுவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில், நான் முயலோடு ஒருமுறையும் முயல் இல்லாமல் ஒருமுறையும் குளியலறைத் தராசில் ஏறிக் கழித்துப் பார்த்த கணக்குப்படி, அது 4 பவுண்டைச் சற்றே தாண்டியிருந்தது. இரண்டு நாள் தீவனத்தை நிறுத்தினேன். புறப்படும் இரவில் தண்ணீரையும் எடுத்துவிட்டேன். நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் நடுவரின் மேசையில் வைத்தபோது அவருடைய தராசு 4 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. அவர் என்னைத் திட்டவில்லை. முயலின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, இது பசியோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பிய பிறகு தீவனம் வைத்தும் அது தொடவில்லை. புழுக்கைகள் சிறுத்து, மறுநாள் நின்றேவிட்டன. முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டிய குடல்; நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது நகரும். இயக்கம் நின்றால் பெருங்குடல்வாயில் உள்ள நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, காற்று சேர்ந்து, வலியால் முயல் மேலும் உண்ண மறுக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரவில் திறந்திருந்த ஒரு கால்நடை மருத்துவமனையில் நான் கட்டிய தொகை முயலின் விலையைப் போலப் பல மடங்கு. முயல் பிழைத்தது என் திறமையால் அல்ல.

இதில் இன்றும் என்னை எரிச்சலூட்டுவது, அந்தப் பட்டினி தொடக்கத்திலிருந்தே வீண் என்பதுதான். அட்ரியன் டி காக் என்ற டச்சுக்காரர் 1949-இல் பெரிய பிரெஞ்சு லாப்பையும் மிகச் சிறிய நெதர்லாந்து ட்வார்ஃபையும் கலக்கத் தொடங்கி உருவாக்கிய இனம் ஹாலண்ட் லாப். நெதர்லாந்தில் 1964-இலும் அமெரிக்காவில் 1979-இலும் அங்கீகாரம் பெற்றது. அந்த இரண்டு அளவுகளும் இன்றும் ஒரே ஈற்றில் பிறக்கின்றன. குள்ளமாக்கும் மரபணுவின் ஒரு பிரதியைப் பெற்ற குட்டி உண்மைக் குள்ளன். இரண்டு பிரதிகளைப் பெற்றது வளர்ப்பவர்கள் ‘பீனட்’ என்று அழைக்கும், சில நாள்களில் இறந்துவிடும் குட்டி. ஒன்றும் பெறாதது ‘பொய்க் குள்ளன்’. உண்மைக் குள்ளர் இரண்டை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒன்று இந்தக் கடைசி வகை. நீண்ட காதும் ஒடுங்கிய முகமும் கொண்ட இது பெரும்பாலும் வரம்பைத் தாண்டியே வளரும். என்னுடையது அந்த வகை. எலும்பில் இருக்கும் எடையை வயிற்றைக் காயப்போட்டு எப்படி இறக்குவது? பொய்க் குள்ளப் பெண் முயலை உண்மைக் குள்ள ஆணோடு இணைத்தால் பீனட் பிறக்காது என்பதால், அதை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ள விரும்புவோர் பலர் உண்டு. மேசைக்குத்தான் அது ஆகாது.

இப்போது சமையலறை மின்தராசில் ஒரு கூடையை வைத்து, அதன் எடையைக் கழித்து, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்துவைக்கிறேன். வயிறு நிறைந்திருக்கும்போது 3 பவுண்டு 12 அவுன்சுக்குள் நிற்கும் முயலையே பதிவு செய்கிறேன். புதிய ஊர்த் தண்ணீரைச் சில முயல்கள் குடிப்பதில்லை என்பதால் வீட்டுத் தண்ணீரையே கேனில் கொண்டுபோகிறேன்.

வம்சாவளித் தாளைப் பார்த்து வாங்குவது

போட்டியில் நிற்கத் தாள் தேவையே இல்லை. சங்கத்தில் முயலைப் பதிவு செய்யத்தான் மூன்று தலைமுறைத் தாள் வேண்டும். தாளில் எத்தனை சாம்பியன் பெயர்கள் இருந்தாலும் நடுவர் கையில் இருப்பது முயல் மட்டுமே.

காதெண்

முயலின் அடையாள எண்ணை இடது காதில், அழியாதபடி, படிக்கும்படி பச்சை குத்தியிருக்க வேண்டும். வலது காது சங்கத்தின் பதிவாளருக்கு உரியது.

நகங்களை எண்ணாமல் விடுவது

முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நான்கு என்று பதினெட்டு நகங்களையும் வீட்டிலேயே வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். முழு நிற முயலின் கருநகங்களுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை நகம் இருந்தாலும் வெளியேற்றப்படும். முன்காலின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும் ஐந்தாவது நகத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

ஆணா, பெண்ணா

விற்றவர் சொன்னதை நம்ப வேண்டாம். திருப்பிப் பாருங்கள்.

கருத்தடை

செல்லப்பிராணியாக வளர்த்துக் கருத்தடை செய்த முயலை இன வகுப்பில் நிறுத்த முடியாது.

சாயமும் கத்தரியும்

கூடாது. ஒவ்வாத நிற மயிரைப் பிடுங்குவதும் இதில் அடக்கம்.

முதல் பரிசை ‘லெக்’ என்று எண்ணிக்கொள்வது

கிராண்ட் சாம்பியன் பட்டத்துக்கு வேண்டிய மூன்று ‘லெக்’களில் ஒன்றாக உங்கள் முதலிடம் கணக்கில் வர வேண்டுமானால், அந்த வகுப்பில் குறைந்தது மூன்று உரிமையாளர்களின் ஐந்து முயல்களாவது நின்றிருக்க வேண்டும். உங்களுடைய நான்கு முயல்களே உங்களுக்குள் போட்டியிட்டால் ரிப்பன் கிடைக்கும், அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் பழைய கூண்டில் விடுவது

2020-இல் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் காட்டு முயல்களிடையிலும் வீட்டு முயல்களிடையிலும் பரவிய ஆர்.எச்.டி.வி.2 என்னும் குருதிக்கசிவு நோய்க் கிருமி ஆடையிலும் காலணியிலும் உலர்புல்லிலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது. பல முயல்கள் எந்த அறிகுறியும் காட்டாமலே இறந்துபோகின்றன. இதற்கான அமெரிக்கத் தடுப்பூசி மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடப்படுவதால், கண்காட்சிக்கு முந்தைய வாரம் மருத்துவரைத் தேடி ஓடுவதில் பயனில்லை. போய் வந்த முயல்களைக் குறைந்தது இரண்டு வாரம் வேறு அறையில் வைக்கிறேன். மற்ற முயல்களுக்கெல்லாம் தீவனம் போட்டு முடித்த பிறகே அந்த அறைக்குள் நுழைகிறேன்; அதற்கென்று வைத்திருக்கும் செருப்பு அறையின் வாசலைத் தாண்டி வெளியே வருவதில்லை.