லேசான ஆஸ்துமாவுடன் சைக்கிள் ஓட்டுதல்: டர்பன் வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

லேசான ஆஸ்துமா உள்ளவர் சைக்கிளை மூலையில் சாத்திவிட வேண்டியதில்லை. ஆனால் எந்த நேரத்தில், எந்தச் சாலையில் ஓட்டுவது என்பதை மற்றவர்களைவிடக் கவனமாகத் தீர்மானிக்க வேண்டும். அதற்கும் முன்னால், நோய் உண்மையிலேயே கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீல நிற இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறதே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றுவதில்லை. அதை ஆற்றுவது ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். ஜீனா எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு, நீல இன்ஹேலரை மட்டுமே நம்பியிருப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, இருமல் இரவுத் தூக்கத்தைக் கலைத்தாலோ, ஏற்றங்களை ஒத்திவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மருந்தை இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வாயில் பூஞ்சைப் புண் வரக்கூடும்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது மூக்கின் வழியாக வரும் காற்று போதாமல் வாயால் மூச்சு விடுகிறோம். வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் மாற்றப்படாத காற்று நேரே உள்ளே போய் மூச்சுக்குழாயின் ஈரத்தை உலர்த்துவதால் அது சுருங்குகிறது. இந்த இறுக்கம் பெரும்பாலும் மிதிக்கும்போது தெரிவதில்லை. இறங்கிய 5 முதல் 15 நிமிடங்களில் உச்சத்துக்கு வந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் தணிகிறது. வீட்டுக்கு வந்த பிறகு வரும் இருமலை வயதின் மீதோ பயிற்சிக் குறைவின் மீதோ பழி போட்டுக் கடந்துபோகிறவர்கள் பலர். டர்பனின் ஈரக் கடற்காற்று இந்த விஷயத்தில் நமக்குத் துணை. ஜோகன்னஸ்பர்க் பக்கமுள்ள லெனேசியா போன்ற மேட்டுநில ஊர்களில் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் குளிர்ந்த வறண்ட காற்றில் ஓட்டுவோர், மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்வது நல்லது.

முதல் 10 முதல் 15 நிமிடங்கள் மெதுவாக மிதித்து, இடையிடையே சில விநாடிகள் மட்டும் வேகம் கூட்டி உடலைப் பழக்கினால், பலருக்கு அடுத்த ஓரிரு மணி நேரம் மூச்சுக்குழாய் அவ்வளவு எளிதில் சுருங்குவதில்லை. சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளுக்கு வாசலைத் தாண்டினாலே ஏற்றம். அங்குள்ளவர்கள் சைக்கிளைச் சமதளம் வரை தள்ளிக்கொண்டு போய்த் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டுவதற்கு முன் இழுக்கும்படி மருத்துவர் மருந்து கொடுத்திருந்தால், புறப்படுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே இழுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, குளிர்கால விடியற்காலையை நான் தவிர்க்கவே சொல்வேன். அப்போது தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் படிந்து, வாகனப் புகையையும் ஆலைப் புகையையும் மேலே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. வெயில் ஏறிய பின்புதான் அது கலைகிறது. வெருலம், டொங்காட் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீளும் அறுவடைக் காலத்தில் கரும்புத் தோட்டங்களை எரிப்பார்கள். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் வெட்டிய கரும்பின் புகை இன்னும் நம்மை விடவில்லை. கருஞ்சாம்பல் பறப்பதைக் கண்டால் காற்றடிக்கும் திசையைப் பார்த்து வேறு பாதையில் திரும்பிவிடுங்கள். மெர்பேங்க், ஜேக்கப்ஸ் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் லாரிச் சாலைகளைவிட, உஷாகாவிலிருந்து உம்கேனி கழிமுகம் நோக்கிச் செல்லும் கடற்கரை நடைபாதை எவ்வளவோ மேல்.

கால்வலிக்கு இபுபுரூஃபன் அல்லது ஆஸ்பிரின் போடும் பழக்கம் உள்ளவர்கள், அவை சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்பதால் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்ஹேலரை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாமல் சட்டைப் பையில் வையுங்கள். 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடு அதற்கு ஆகாது. வழியில் மூச்சு இறுகினால் உடனே நிறுத்தி, படுக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள். இன்ஹேலரின் வாய்ப்பகுதியில் பொருத்தும் குழாயான ஸ்பேசர் வழியாக நீல மருந்தை ஒவ்வொரு அழுத்தமாக நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு என இழுத்து, நான்கு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறையவில்லையென்றால் அதையே மீண்டும் செய்யுங்கள். அப்போதும் தணியாவிட்டால் 10177 என்ற ஆம்புலன்ஸ் எண்ணையோ, கைபேசியிலிருந்து 112 என்ற எண்ணையோ அழைத்து, வண்டி வரும்வரை மருந்தைத் தொடருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் இந்த நிமிடக் கணக்கெல்லாம் பார்க்காமல் முதலிலேயே அழைத்துவிடுங்கள்.