செசமி ஸ்ட்ரீட் பழைய புத்தகங்கள்: வாங்கும்போதும் வைக்கும்போதும் செய்யக்கூடாதவை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியின் புத்தகங்கள் இரண்டு வழியாக வருகின்றன. ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் பெட்டி. இன்னொன்று, கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளும் கிலோ கணக்கில் விற்கும் புத்தகச் சந்தைகளும். சின்ன வயதில் அதில் வரும் பொம்மைகளான பிக் பேர்டையும் குரோவரையும் படமாகப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள், தேடித்தேடி வாங்குகிறார்கள். ஏமாறுவதும் அவர்கள்தான்.

பெரிய தவறு, புத்தகத்தில் போட்டிருக்கும் வருடத்தை அது அச்சான வருடம் என்று எடுத்துக்கொள்வது. நிகழ்ச்சி 1969 நவம்பர் 10 அன்று தொடங்கி இன்னும் ஓடுகிறது. நன்றாக விற்ற புத்தகங்களைத் திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். ஜான் ஸ்டோன் எழுதி மைக்கேல் ஸ்மோலின் படம் வரைந்த குரோவர் கதை, ‘தி மான்ஸ்டர் அட் தி எண்ட் ஆஃப் திஸ் புக்’, முதலில் வந்தது 1971இல். பல வருடம் கழித்து அச்சான பிரதியிலும் காப்பிரைட் வருடம் அதேதான். “எழுபத்தொண்ணு புக்குங்க, இனி கிடைக்காதுங்க” என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைப் படித்துச் சொல்கிறார். “ஒரு நிமிசம் பிரிச்சுப் பார்த்துக்கறேங்க அண்ணா” என்று நாம்தான் வாங்கிப் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? தங்க நிற முதுகுப் பட்டையோடு வரும் லிட்டில் கோல்டன் புக் வரிசையில், எழுபது எண்பதுகளின் பிரதிகள் என்றால் காப்பிரைட் வரிகளுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஏ-யில் தொடங்கினால் முதல் அச்சு. ஏ, பி இரண்டும் போய் சி-யில் தொடங்கினால் மூன்றாம் அச்சு. ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் புத்தகம் என்றால் எண்வரிசை. அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. இது அரை நிமிட வேலை. கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் சுலபம், எழுத்து அவ்வளவு பொடி.

அந்த வரிசை கிழிந்து போயிருந்தால் நிகழ்ச்சியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து அது சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் ஒர்க்‌ஷாப். 2000இல்தான் செசமி ஒர்க்‌ஷாப் என்று மாற்றினார்கள். புதுப் பெயர் போட்ட பிரதியை ‘எழுபதுகளின் புத்தகம்’ என்று விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அட்டை நடுவில் எல்மோ நின்றாலும் அப்படித்தான். அந்தச் சிவப்புப் பொம்மை பிரபலமானது எண்பதுகளின் நடுவில்தான்.

அப்புறம் செட் ஆசை. 1978இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் லைப்ரரி மொத்தம் 15 தொகுதி. ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் தொகுதிகளுக்குப் பிரித்திருப்பார்கள். ஏ, பி, எண் ஒன்று என்று முதல் தொகுதி கையில் கிடைத்ததும் மற்ற பதினான்கையும் பிடித்துவிடலாம் என்று இறங்கினால், கடைசி இரண்டு மூன்றுக்குத் தபால் செலவே புத்தக விலையைத் தாண்டும். முழு செட்டாக வந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் பிடித்த தொகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி.

பக்கத்தில் பென்சில் கிறுக்கல், உள்ளட்டையில் யாரோ ஒரு குழந்தையின் பெயர், இதற்கெல்லாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. குழந்தைகள் புத்தகம் என்றால் குழந்தை தொட்டிருக்கும். மடக்கித் திறக்கும் தாள்கள், வெட்டி எடுக்கும் படங்கள், ஸ்டிக்கர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் அட்டைப் படம் போதாது. காப்பிரைட் பக்கம், முதுகுப் பட்டை, கடைசிப் பக்கம் மூன்றையும் போட்டோ கேளுங்கள்.

வாங்கிய பிறகு நடக்கும் கொடுமைதான் எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது. நல்ல பிரதியை பைண்டிங் கடைக்குக் கொடுப்பார்கள். அவர் தன் வழக்கப்படி மூன்று ஓரத்தையும் மிஷினில் வெட்டி, காலிகோ துணி ஒட்டி, பளிச்சென்று திருப்பித் தருவார். படத்தின் ஓரமும் போச்சு, தங்கப் பட்டையும் போச்சு. பிரிந்த முதுகுக்கு செலோடேப் ஒட்டுவதும் அதே ரகம். சில வருடத்தில் பசை மஞ்சளாகி தாளுக்குள் இறங்கிவிடும்; உரித்தால் மேல்தாளும் கூடவே வரும். கிழிசலோடு வைத்திருப்பது மேல்.

நம் ஊரில் ஜூன் வந்தால் சுவர் வேர்க்கும். சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் அடித்தட்டில் புத்தகத்தை அடுக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஈரம் ஏறிய புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி ஒட்டினால் பூஞ்சணம் உள்ளேயே வளரும். அதற்காக வெயிலில் காய வைப்பதும் வேண்டாம்; குக்கி மான்ஸ்டர் பொம்மைப் படத்தின் நீலம் வெளுத்துவிடும். ஃபேன் காற்றில், நிழலில், பக்கங்களைச் சற்று விரித்து நிற்க வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது எடுத்துப் புரட்டுங்கள். பூச்சி அரித்த தடம் தெரிந்தால் அந்தப் பிரதியை மட்டும் உடனே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.