சத்தம் போடாத வரம்புகள்: புள்ளியியல் மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் மென்பொருளின் வரம்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 'நினைவகம் போதவில்லை' என்ற பிழைச்செய்திதான். அது வெறும் தொல்லை. வேலை நின்றுவிடும், நாமும் கவனித்துவிடுவோம். வேலை தடையில்லாமல் ஓடி, அழகான அட்டவணையும் வந்து, அதில் எண் மட்டும் தப்பாக இருக்கும் இடங்களுக்குத்தான் பயப்பட வேண்டும். ஆர், ஸ்டாட்டா, சாஸ், பைத்தான் எல்லாவற்றிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

விடுபட்ட மதிப்பை மறந்துவிட்டு நிபந்தனை எழுதுவது

கணக்கெடுப்பில் சிலர் வயதைச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாட்டாவில் 'வயது 60-க்கு மேல்' என்று எழுதினால், வயது சொல்லாத அத்தனை பேரும் முதியோர் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். விடுபட்ட மதிப்பை ஸ்டாட்டா எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கருதுவதே காரணம். சாஸ் இதற்கு நேரெதிர். அங்கே அது எல்லா எண்களையும்விடச் சிறியது. அதனால் '18-க்குக் கீழ்' என்று எழுதினால் அதே ஆட்கள் சிறுவர்களாகிவிடுவார்கள். பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் வழக்கமான தசம நெடுவரிசையாக இருந்தால், அந்த ஒப்பீட்டுக்கு 'பொய்' என்றே விடை வரும். '18-க்குக் கீழ் இல்லாதவர் எல்லாம் பெரியவர்' என்று அடுத்த வரியில் எழுதியிருந்தால், சொல்லாதவர்கள் பெரியவர்களாகிறார்கள்.

ஆர் இந்த விஷயத்தில் யோக்கியம்: ஒப்பீட்டுக்கே 'என்ஏ', அதாவது 'தெரியாது', என்று விடை தரும். ஆனால் அதே ஆர், ரிக்ரெஷன் மாடல் (ஒரு மாறியை மற்ற மாறிகளால் விளக்கும் சமன்பாடு) பொருத்தும்போது விடுபட்ட மதிப்புள்ள வரிசைகளைக் கேட்காமலே கழற்றிவிடும். எத்தனை வரிசை போனது என்பது சுருக்க அறிக்கையின் அடியில் ஒரு வரியாக இருக்கும். யார் அதுவரை படிக்கிறார்கள்? ஒரு மாடலில் வருமானத்தைச் சேர்த்து, இன்னொன்றில் சேர்க்காமல் விட்டால், இரண்டும் வெவ்வேறு ஆட்கள்மேல் பொருத்தப்பட்டவையாக இருக்கலாம். அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

எந்த மென்பொருளானாலும், வகை பிரிக்கும் நிரலில் விடுபட்டவர்களுக்கான கிளையை முதலில் எழுதுங்கள். பிரித்ததும் ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

அடையாள எண்ணை எண்ணாகவே வைத்திருப்பது

இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் எண்களை 8 பைட் தசம வடிவில் சேமிக்கின்றன. அதில் 9,007,199,254,740,992 வரைதான் எல்லா முழு எண்களும் பிசகாமல் நிற்கும். 18 இலக்க அடையாள எண்ணை ஆரில் சாதாரணமாகப் படித்தால் கடைசி இலக்கங்கள் மாறிவிடலாம், எச்சரிக்கை எதுவும் வராது. பாண்டாஸில் முழு எண் நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், படிக்கும்போது முழு நெடுவரிசையும் தசமமாகிவிடும்.

ஸ்டாட்டாவில் புதிய மாறி உருவாக்கும்போது வகை சொல்லாவிட்டால், அது 4 பைட்டில் சேமிக்கும். அதன் எல்லை 16,777,216. பகுதிக் குறியீடு 27-ஐப் பத்து லட்சத்தால் பெருக்கி வீட்டு எண்ணைக் கூட்டுகிறீர்கள் என்றால், 351-ஆம் வீடும் 352-ஆம் வீடும் ஒரே எண்ணாகும்: 27,000,352. பிறகு இரண்டு கோப்புகளை இணைக்கும்போது இரண்டு குடும்பங்கள் கலந்துவிடும். கூட்டவோ சராசரி எடுக்கவோ போகாத எண் எழுத்தாகவே உள்ளே வரட்டும். முன்னால் நிற்கும் பூஜ்ஜியங்களும் பிழைக்கும்.

0.1 + 0.2 என்பது 0.3-க்குச் சமமா என்று கேட்டால் 'இல்லை' என்று விடை வருவதும் இதே சேமிப்பு முறையால்தான். தசம எண்களைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். வித்தியாசம் மிகச் சிறியதா என்று மட்டும் பாருங்கள்.

எழுத்துக்கும் நீளம் உண்டு

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் சாஸில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நீளம் சொல்லாமல் ஒரு எழுத்து மாறியை உருவாக்கினால், நிரலில் முதலில் வரும் மதிப்பின் நீளமே அதன் நீளமாகிவிடும், அதுவும் பைட் கணக்கில். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்தும் துணைக்குறியும் புள்ளியும் தலைக்கு 3 பைட். முதலில் 'ஆண்' வந்தால் 9 பைட். அடுத்து வரும் 'பெண்' என்பதற்கு 12 தேவை. கடைசிப் புள்ளி வெட்டப்பட்டு 'பெண' என்று நிற்கும். பிறகு 'பெண்' என்று தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். நீளத்தை முதல் வரியிலேயே தாராளமாக அறிவித்துவிடுங்கள்.

எக்செலை இடைத்தரகராக வைப்பது

பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு 65,536 வரிசைகளோடு முடிந்துவிடும். புதிய வடிவம் 1,048,576 வரை போகும். 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போனதற்குப் பழைய வடிவத்தின் இந்த எல்லைதான் காரணம். மரபணுப் பெயர்களைத் தேதிகளாக எக்செல் மாற்றிக்கொண்டே இருந்ததால், கடைசியில் சில மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். மென்பொருளைத் திருத்துவதைவிட அது எளிதாக இருந்திருக்கிறது!

நினைவகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோடி வரிசை, 100 நெடுவரிசை, எண்ணுக்கு 8 பைட் என்றால் 8 ஜிபி. ஆர் வேலையின் நடுவே நகல்களும் எடுக்கும். பெரிய கணினி வாங்குமுன், தேவையான நெடுவரிசைகளை மட்டும் படித்துப் பாருங்கள்.

இன்னொரு மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது

2.5-ஐ முழு எண்ணாக்கினால் ஆர் 2 என்கிறது, சாஸ் 3 என்கிறது. திட்ட விலக்கத்துக்கு, பைத்தானின் கணித நூலகமான நம்பை (NumPy) இயல்பாக மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறது, பாண்டாஸ் அதில் ஒன்று குறைத்து வகுக்கிறது. சதமானம் கணக்கிட ஆரில் மட்டுமே ஒன்பது முறைகள். இவை எதுவும் கோளாறு அல்ல, இயல்பமைப்பு (நாம் எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் முறை) வேறு, அவ்வளவுதான். விடை பொருந்தவில்லை என்றால் முதலில் கையேட்டில் அந்த இயல்பமைப்பைப் பாருங்கள். பதிப்பு எண்ணையும் குறித்துவையுங்கள்: 2019-இல் ஆர் 3.6.0 வந்தபோது மாதிரி எடுக்கும் முறை மாறியது, அதே விதை எண் (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்தாலும் வேறு ஆட்கள் தேர்வானார்கள்.

எச்சரிக்கை வந்தும் அட்டவணையை நம்புவது

'ஆம்/இல்லை' விளைவுக்கான லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் ஒரு வகையைச் சேர்ந்த எல்லோருக்கும் விளைவு 'ஆம்' என்றே இருந்தால், அந்த வகையின் கெழுவுக்கு (விளைவை அது எவ்வளவு மாற்றுகிறது என்ற எண்ணுக்கு) எல்லையுள்ள மதிப்பே கிடையாது. ஆர் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு, சில நேரம் அதுகூட இல்லாமல், அட்டவணையை அச்சிட்டுவிடும். அதில் திட்டப்பிழை ஆயிரக்கணக்கில் இருக்கலாம், பி-மதிப்பு 1-ஐ ஒட்டி நிற்கும். 'தொடர்பு இல்லை' என்று அதைப் படித்துவிடாதீர்கள், உண்மையில் தொடர்பு மிக வலுவாக இருக்கலாம். மாடலுக்கு முன்பே குறுக்கு அட்டவணை போட்டால் பூஜ்ஜியக் கட்டம் கண்ணில் பட்டுவிடும். அப்படிப் பட்டால் வகைகளைப் பொருளோடு இணைக்கலாம், அல்லது இப்படிப்பட்ட தரவிலும் எல்லையுள்ள கெழு தரும் ஃபிர்த் முறைக்கு மாறலாம்.