சொப்பிங் பையைக் குறைக்க, கிணற்றுத் தண்ணீரை மிச்சம் பிடிக்க

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் சைக்கிளில் ஒரு பனையோலைக் கடகமோ துணிப்பையோ எப்பவும் கிடக்கட்டும், கூடவே மீனுக்கு மூடியுள்ள ஒரு டப்பா. மீன்காரர் சொப்பிங் பையை விரிக்க முதலே அதை நீட்டிவிட வேண்டும், பிறகு சொன்னால் அவர் கட்டி முடித்திருப்பார். சாப்பாடு கட்ட வாழையிலை போதும். பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 இலேயே தடை வந்துவிட்டதே.

ஆனால் இங்கே பெரிய விஷயம் தண்ணீர்தான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணறு ஊறுகிறது, மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உப்புத்தண்ணீர் மேலே ஏறும். அரிசி, மரக்கறி கழுவின தண்ணீரை வாளியில் பிடித்து கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள். குளிக்கிற தண்ணீரை, எங்கட பழைய ஆட்கள் செய்ததுபோல, வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடலாம். தென்னைக்கு அடியிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிடங்கு வெட்டி, பொச்சுமட்டையை நெருக்கி அடுக்கி மண்ணால் மூடினால் கோடையிலும் ஈரம் நிற்கும்.

குசினிக் கழிவும் சருகும் இன்னொரு கிடங்குக்கு. மீன் செதில், குடலை மட்டும் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் ஒழுங்கை நாய்கள் விடியமுதல் கிளறிவிடும்.