கிளைடருக்கு ஸ்பிரிங் ஸ்டீல்: வாங்குவதிலும் வளைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இழுகயிற்றில் ஏறிக்கொண்டிருக்கும் மாடல் கிளைடரின் இறக்கை நடுவில் மடங்கினால், பழி முதலில் பால்சா என்ற இலேசான மரத்தின் மேலும் பசை மேலும்தான் விழும். இறக்கைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புக் கம்பியை உருவிப் பாருங்கள். வளைந்தது வளைந்தபடியே நிற்கிறதா? அது ஸ்பிரிங் ஸ்டீலாக இல்லாமல் இருக்கலாம், தேவைக்கு மெல்லியதாக இருக்கலாம், அல்லது செய்யும்போது யாரோ நெருப்புக் காட்டியிருக்கலாம். ஒடிந்திருக்கிறதா? ஒடிந்த இடத்தில் கொறடின் பல் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்று. ஸ்பிரிங் ஸ்டீல் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று பியானோ கம்பி. அதன் பலம் நெருப்பில் வந்ததல்ல. அச்சுத் துளைகளின் வழியாகக் குளிர்ந்த நிலையில் திரும்பத் திரும்ப இழுத்ததில் ஏறியது. அதனால்தான் 1 மி.மீ. கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 200 கிலோ எடைக்கு மேல் தாங்குகிறது. மற்றொன்று நீலப் பட்டை எனப்படும் மெல்லிய எஃகுத் தகடு. இது பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சுட்டுப் பதம் ஏற்றியது. பட்டையின் பதத்தை வீட்டில் எடுக்கவும் முடியும், திருப்பி ஏற்றவும் முடியும். கம்பியைச் செந்தணலாக்கிவிட்டால், இழுத்து ஏற்றிய பலம் போனது போனதுதான். தோய்ச்சல் கொடுத்தாலும் அது பழைய கம்பி ஆகாது.

வாங்கும் இடத்திலேயே பாதிப் பிழை நடந்துவிடுகிறது. ஹார்டுவேர் கடையில் ‘கெட்டிக் கம்பி’ என்று கேட்டால் ஜி.ஐ. கம்பியைத் தருவார்கள். சைக்கிள் ஸ்போக் 2 மி.மீ. இருக்கும், நேராகவும் இருக்கும். ஆனால் பியானோ கம்பியின் பலம் அதற்குக் கிடையாது. வால் சுக்கான்களை அசைக்கும் புஷ்ராடுக்குப் போதும், இறக்கை இணைப்புக்கு வேண்டாம். ஸ்பிரிங் செய்யும் பட்டறைகளில் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4454-இன் முதல் பாகத்தில் வரும் எஸ்.எச். அல்லது டி.எச். தரம் என்று சொல்லிக் கேளுங்கள். சுருளாக வேண்டாம், நேராக்கி வெட்டிய துண்டாக வாங்குங்கள். சுருளின் வளைவைக் கையால் நேராக்க முயன்றால் கம்பி பாம்புபோல நெளியும்.

சோதிப்பது எளிது. 1 மி.மீ. கம்பியை 20 செ.மீ. விட்டமுள்ள சாப்பாட்டுத் தட்டின் விளிம்போடு அணைத்து வளைத்து விடுங்கள். நல்ல கம்பி துள்ளி நேராகும். ஜி.ஐ. கம்பி தட்டின் வளைவைப் பிடித்துக்கொண்டு வரும். 2 மி.மீ. கம்பிக்கு 40 செ.மீ. வட்டம் வேண்டும், பெரிய தாம்பாளம் சரியாக இருக்கும்.

கேஜ் எண்ணை நம்பி வாங்காதீர்கள். எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பொதுவான கம்பிக் கணக்கில் 14 என்றால் 2.03 மி.மீ. பியானோ கம்பிக்கே உரிய மியூசிக் ஒயர் கணக்கில் அதே 14 வெறும் 0.84 மி.மீ. ஒன்றில் எண் கூடினால் கம்பி மெலியும், மற்றொன்றில் தடிக்கும். மைக்ரோமீட்டரோ வெர்னியரோ கையில் இருக்கட்டும்.

இணைப்புக் கம்பி துவள்கிறது என்று இன்னும் கெட்டியான எஃகைத் தேடுவதும் வீண் அலைச்சல். ஒரே அளவுள்ள சாதா இரும்பும் பியானோ கம்பியும் ஒரே சுமைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். வேறுபாடு, சுமை நீங்கியதும் எது நேராகிறது என்பதில்தான். விறைப்பு வேண்டுமானால் தடிமனைக் கூட்டுங்கள்: 2 மி.மீ. இருந்த இடத்தில் 2.5 போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு, 3 இருந்த இடத்தில் 4 போட்டால் மூன்று மடங்குக்கு மேல்.

வெட்டுவதற்குக் கட்டிங் பிளையர் வேண்டாம். அதன் வாயில் பள்ளம் விழும், துண்டு தோட்டா மாதிரிப் பறக்கும். மெல்லிய வெட்டுச் சக்கரத்தால் சுற்றிலும் கீறி, துணி போர்த்தி ஒடியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதில் கை வைக்கவே கூடாது. சாணையில் முனை தீட்டும்போது நீலம் ஓடினால் பதம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள்.

வைஸின் தாடைகளுக்கு அலுமினியத் தகடு போட்டுவிட்டு வளையுங்கள். கூர்மூலையில் மடக்காதீர்கள், உள் வளைவின் ஆரம் குறைந்தது கம்பியின் விட்டமளவு இருக்கட்டும். 2 மி.மீ. கம்பிக்கு 4 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டைச் சுற்றி வளைத்தால் சரியாக வரும். கம்பி கொஞ்சம் பின்வாங்கும், அதனால் சற்று கூடுதலாகவே வளைக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கழிவுத் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறாக வளைந்ததை நிமிர்த்தி அதே இடத்தில் மறுபடி வளைப்பதுதான் ஆபத்தான சிக்கனம். விரிசல் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் பிறக்கும். வளைத்து முடித்த துண்டை ஓவன் அடுப்பில் 230 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால் உள்ளிறுக்கம் தளரும், வடிவம் நிற்கும்.

தரையிறங்கும்போது வாலைத் தாங்கும் சறுக்குக்கட்டைக்கு 0.5 மி.மீ. நீலப் பட்டை நல்லது. பெரிய ஆரத்தில், பட்டையின் நீளவாக்குக்குக் குறுக்காக, குளிர்நிலையிலேயே வளைக்கலாம். குறுகிய மடிப்போ துளையோ வேண்டுமென்றால் பதத்தை எடுத்தாக வேண்டும். சிவக்கக் காய்ச்சிக் காற்றில் விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. மெல்லிய பட்டை நொடியில் குளிர்ந்துவிடும், போதுமான அளவு இளகாது. இரண்டு தடித்த இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்துச் சேர்த்தே காய்ச்சி, அப்படியே சூடான சாம்பலில் புதைத்து ஆறவிடுங்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றுத் தாண்டியதும் இளஞ்சூடான எண்ணெயில் விளிம்பு முதலில் இறங்கும்படி தோயுங்கள். தட்டையாகப் போட்டால் முறுக்கிக்கொள்ளும். இந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே ஒடியலாம். எமரித் தாளால் வெள்ளையாகத் தேய்த்து, கடலை வறுப்பதுபோல வாணலியில் மணல் பரப்பி அதன்மேல் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் மயில்கழுத்து நீலம். நீலம் வந்ததும், அதாவது ஏறத்தாழ 300 டிகிரியில், எடுத்துவிட வேண்டும். ஊதாவில் எடுத்தால் ஒடியும் குணம் மிச்சமிருக்கும். சாம்பல் நிறம் வரும்வரை விட்டால் துள்ளல் குறையும்.

கம்பியைப் பித்தளைக் குழாயோடு இணைக்கச் சாதாரண ஈயப் பற்றவைப்பே போதும், அது 190 டிகிரி அருகில் உருகிவிடும். வெள்ளிப் பற்றவைப்பின் 600 டிகிரிக்கு மேற்பட்ட சூடு கம்பியைக் கொன்றுவிடும். ஆசிட் ஃபிளக்ஸ் பூசியிருந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவுங்கள். துருவுக்குப் பயந்து ஜிங்க் பிளேட்டிங் கொடுக்க வேண்டாம். ஆசிட் குளியலிலும் மின்பூச்சிலும் ஹைட்ரஜன் உள்ளே ஏறி, வளையாத கம்பிகூட சில நாளில் சுமையின்கீழ் தானாக ஒடியும். எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும். பறத்தல் முடிந்ததும் இணைப்புக் கம்பியைக் குழாயிலிருந்து உருவித் தனியே வையுங்கள். ஈரம் தங்குவதும் துரு குழிப்பதும் அந்தக் குழாய்க்குள்தான்.