மீத்திறன் மாணவருக்கான கல்வித் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில், குழந்தை எந்தப் பாடத்தில், எவ்வளவு முன்னே நிற்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுப்பது இதற்குப் போதாது. அந்த வினாத்தாள் அதற்கு மேல் எதையும் அளக்காது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971-இல் கணிதத் திறன் மிக்க சிறாரைப் பற்றிய ஆய்வைத் தொடங்கிய ஜூலியன் ஸ்டான்லி, கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வை 12, 13 வயதினரை எழுத வைத்ததன் காரணமும் இதுவே: வகுப்பில் சமமாகத் தெரியும் இருவரில் ஒருவர் அதில் 400-உம் மற்றவர் 650-உம் எடுக்கும்போதுதான் வேறுபாடு புலப்படும்.

அடுத்து, திட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 5, 6-ஆம் வகுப்புகளில் மீத்திறன் மாணவருக்கெனத் தனி வகுப்புகளை நடத்துகிறது. சிங்கப்பூரோ, 1984-இல் தொடங்கி, குறிப்பிட்ட சில பள்ளிகளில் மட்டும் நடத்திவந்த திட்டத்தை மாற்றி, திறமையாளர்களுக்கு அவரவர் பள்ளியிலேயே வாய்ப்பளிக்கப்போவதாக 2024-இல் அறிவித்தது. ஒரே பாடத்தில் மட்டும் முன்னே நிற்கும் குழந்தைக்குப் பள்ளியை மாற்றுவதைவிட, அந்தப் பாடவேளைக்கு மட்டும் மேல்வகுப்பில் அமர அனுமதி கேட்பதே மேல் என்பேன்.

விண்ணப்பிக்கும் முன், பாடத்தை விரைந்து முடித்துவிடும் மாணவருக்கு அடுத்து என்ன தருவார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அதே வகைக் கணக்குகள் இன்னும் இருபது என்று பதில் வந்தால் (பல இடங்களில் அப்படித்தான் வரும்), வேறு திட்டத்தைத் தேடுங்கள்.